டீக்கப்புக்கு யாரும் ஓட்டுப் போடாதீர்கள்

தேர்தல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கொட்டிக்கலாசத்தன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். பிரச்சாரம் முடிகிற கடைசி நாள் சாயங்காலம், எல்லா அணிகளும் ஒரே முக்கில் ஜீப்பும் கொடியும் மேளமுமாக முட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில் உங்களுக்குப் பசி தெரியாது, தாகம் தெரியாது, பெற்ற தாய் எதிரே வந்தாலும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில்தான் ஏதாவது ஒரு முடிவை எடுக்கச் சொல்லி யாராவது உங்கள் முகத்துக்கு நேராக வந்து நிற்பார்கள். பசியில் எடுத்த முடிவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் விளங்கியதில்லை.

நான் டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பகுதியில் வேலை பார்த்தவள். யூனியன் வழியாகத் தேர்தல் வேலைக்கு வந்தேன். பஞ்சாயத்து வார்டிலிருந்து பார்லிமென்ட் வரை எங்கள் அணிக்காக இந்த மலையெல்லாம் முட்டி தேய நடந்திருக்கிறேன். போன பஞ்சாயத்துத் தேர்தலோடு போதும் என்று மைக்கை வைத்துவிட்டேன். இப்போது அடுத்த தேர்தலுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஸ்லிப் எப்படிக் கொடுப்பது, பூத்தில் யார் உட்காருவது என்பதையெல்லாம் ஆபீசில் சொல்லித் தருவார்கள், நன்றாகவே தருவார்கள். நான் சொல்ல வந்தது என்னுடைய அந்தக் கடைசித் தேர்தலைப் பற்றி. நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. வேண்டுமானால் கையைப் பாருங்கள்.

மூணாறிலிருந்து மேலே ஏறினால் வருகிற எஸ்டேட் அது. மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், நடுவில் ஒரு சின்ன பஜார், மூன்றும் சேர்ந்து ஒரே வார்டு. எங்கள் வேட்பாளர் எஸ்டேட் கிரஷில் வேலை பார்த்தவள். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போனால் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அதனால் ஊர் முழுக்க அவளுக்குக் கிரஷ் அக்கா என்றே பெயர். என்னைவிட இளையவள்தான், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அந்தத் தேர்தலுக்கு முந்தின மழையில் மேல் டிவிஷனில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தது. ரோடு இல்லை, ஜீப் ஏறாது. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். அந்த நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தவள் கிரஷ் அக்கா. கீழே வந்து சேர்ந்ததும் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, இந்த வாட்டி நான் நிக்கேன். ஜெயிச்சா முத வேலை ரோடு" என்றாள். நான் தேடிப் போகாமல் தானாக வந்த ஒரே வேட்பாளர் அவள்தான்.

எதிர் அணிக்கு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் நின்றார். நல்ல மனிதர், ஆனால் மேல் டிவிஷனுக்கு ஒருநாளும் நடந்து ஏறாதவர். அவர்களுடைய கன்வீனர் சேவியர். சேவியருக்கும் எனக்கும் ஃபேக்டரி நாளிலிருந்தே பழக்கம். ஒரே கோயிலில் பூசை காண்போம், வெளியே வந்ததும் சண்டை போடுவோம். அவன் மூளைக்காரன். அதை நான் எப்போதும் ஒத்துக்கொள்வேன், அவன் முன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாமினேஷன் முடிகிற நேரத்தில் கடைசி ஆளாக இன்னொரு பெண் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். யாரோ, வாபஸ் வாங்கிவிடுவாள் என்று இருந்துவிட்டோம். வாபஸ் நேரமும் முடிந்தது. வரணாதிகாரி, அதாவது தேர்தல் நடத்துகிற அதிகாரியின் ஆபீஸ் போர்டில் பெயர்களையும் சின்னங்களையும் ஒட்டினார்கள். போய்ப் பார்த்தேன். ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். எங்கள் வேட்பாளர் அருள்மேரி, சின்னம் குடை. அவளுக்கு மேலே இன்னொரு அருள்மேரி, சின்னம் கப்பும் சாஸரும்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம்ம பக்கத்தில் இதற்கு அபரன் என்று பெயர். எதிராளியின் வேட்பாளருக்கு என்ன பெயரோ அதே பெயரில் இன்னொருவரைத் தேடிப் பிடித்து நிறுத்திவிடுவது. குழம்பிப்போய் கொஞ்சம் ஓட்டு அந்தப் பக்கம் விழுந்தால் போதும், கணக்கு தீர்ந்தது. எங்கள் ஊரில் இது இன்னும் மோசமாக வேலை செய்யும். ஏனென்றால் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஒருவருக்கும் ஒருவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பெயர் என்பது ரேஷன் கார்டிலும் கோயில் பதிவிலும் இருக்கிற ஒரு விஷயம், அவ்வளவுதான். கிரஷ் அக்காவுக்கு அருள்மேரி என்று பெயர் இருப்பதையே நாங்கள் நோட்டீஸ் அடித்துத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். "கிரஷ் அக்கான்னு மெஷின்ல இருக்காது, அருள்மேரின்னு இருக்கும், பாத்துப் போடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லிப் பாடம் நடத்தி முடித்த நேரத்தில், மேலே ஒரு அருள்மேரி வந்து உட்கார்ந்துவிட்டாள். அதுவும் தேயிலைத் தோட்டத்தில், டீக்கப்புச் சின்னத்தில்! யாருடைய கைதான் அதைத் தாண்டிக் கீழே போகும்?

விசாரித்ததில் ஆள் யார் என்று தெரிந்தது. மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிற பொன்னு. எல்லாருக்கும் அவளைப் பொன்னுவாகத்தான் தெரியும். ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு மைக் இல்லாமல் பேசக்கூடிய தொண்டை அவளுக்கு. சேவியருக்குப் பெரியம்மா மகள், தங்கச்சி முறை. அவ்வளவு தெரிந்ததும் மீதி எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பசங்கள் கொதித்தார்கள். ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு அவள் லயத்து வாசலில் போய் நாலு கேள்வி கேட்போம், ஊர் கேட்கட்டும், அவமானத்தில் வெளியே தலைகாட்ட மாட்டாள் என்று குதித்தார்கள். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விடுகிறேன். அவர் சொல்வார், "எதிராளி வீட்டுக்குப் போறதா இருந்தா கொடிய வெளிய வச்சிட்டுப் போ, போனதும் உக்காந்துரு" என்று. நின்றுகொண்டு பேசினால் சண்டை, உட்கார்ந்து பேசினால் பேச்சு, அவருக்கு அவ்வளவுதான் அரசியல். நான் பசங்களை ஆபீசிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கிரஷ் அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேல் டிவிஷனுக்கு நடந்தேன். ஜீப் வேண்டாம், கொடி வேண்டாம், நோட்டீஸ்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொன்னு அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.

"வாங்கக்கா, வாங்க. எங்கிட்டயே ஓட்டுக் கேட்டு வந்துட்டீகளா? நானே நிக்கேன்ல!"

நான் வாசல்படியைத் தாண்டியதும் உட்கார்ந்தேன். கிரஷ் அக்காவும் உட்கார்ந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோனது. ஏனென்றால் சுவரில் ஆணியில் ஒரு நீலப் புடவை தேய்த்து மடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"போட்டோவுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். சேவியர் அண்ணன் வந்து, நம்ம மேல் டிவிஷன்லருந்தும் ஒருத்தி நிக்கணும் பொன்னு, பேரக் குடு, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், வீட்டுல இரு, நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னாக. போஸ்டர் எப்ப ஒட்டுவாகன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க போஸ்டர்லாம் வந்துருச்சு, என்னோடது இன்னும் வரக் காணோம்."

எத்தனையோ எதிராளி வீட்டுக்குப் போயிருக்கிறேன். கதவைச் சாத்தியவர்கள் உண்டு, நாயை அவிழ்த்துவிட்டவர்கள் உண்டு. இப்படி ஒரு பதிலை நான் எங்கேயும் வாங்கியதில்லை. சேவியரைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

கிரஷ் அக்காதான் வாயைத் திறந்தாள். குழந்தைகளிடம் பேசிப் பேசி வந்த நிதானம் அவளுக்கு உண்டு.

"பொன்னு, உன் முழுப்பேரு என்ன?"

"அருள்மேரி. ஏன், உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"என் முழுப்பேரு தெரியுமா உனக்கு?"

பொன்னு கொஞ்சம் யோசித்தாள். "கிரஷ் அக்கா... நெசமாவே தெரியலக்கா. நீங்க வீட்டுக்கு வந்தப்ப நான் மலையில நின்னேன், போஸ்டர்ல உங்க மூஞ்சியத்தான் பாத்தேன், எழுத்த யாரு வாசிச்சா?"

"எம்பேரும் அருள்மேரிதான்."

கருவாடு கருக ஆரம்பித்தது. அவள் சட்டியை இறக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்ப நான் நிக்கலியா? எம்பேரு மட்டும்தான் நிக்குதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அவள் எழுந்து சட்டியை இறக்கி வைத்தாள். "போயிட்டு வாங்கக்கா" என்றாள். கோபமாக இல்லை, ஆனால் வேறு பேச்சு இல்லை என்கிற மாதிரி. நாங்கள் இறங்கிவிட்டோம். வாக்குறுதி கேட்கவில்லை, அறிக்கை விடு என்று கெஞ்சவில்லை. ஆபீசுக்கு வந்ததும் பசங்கள் என்னை வறுத்து எடுத்தார்கள். போய்க் கருவாட்டு வாசனை பிடித்துவிட்டு வந்தீர்களா அக்கா என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு நல்ல வாய்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் பாட்டுக்கு வீடு வீடாக ஏறி இறங்கினோம். 'குடை, இரண்டாவது அருள்மேரி' என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வயதான அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரித்தா, டீக்கப்புக்குப் போட்டுருதேன்" என்றார். அன்று நான் சாப்பிடவே இல்லை.

வந்தது கொட்டிக்கலாசம். ஆறு மணிக்குப் போலீஸ் விசில் அடிப்பார்கள், அதோடு எல்லா மைக்கும் அடங்க வேண்டும். ஐந்து மணிக்கே பஜார் முக்கு நிறைந்துவிட்டது. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கம் எங்கள் ஜீப், சுற்றிலும் விரித்த குடைகள். மழை இல்லாமல் அத்தனை குடையை நீங்கள் ஒரே இடத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். எதிரே சேவியரின் ஆட்கள் மலைக்குக் கீழேயிருந்து மேளக்காரர்களையே வரவழைத்திருந்தார்கள். பெரிய பெரிய டோல். அடித்தால் நெஞ்சுக்குள் அடிக்கிறது. எங்கள் பசங்கள் ஜீப் மேல் ஏறி ஆடினார்கள். நானும் ஆடினேன், பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஆடாதவர்களை நான் நம்ப மாட்டேன்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு நீலப் புடவை வந்தது.

பொன்னு நேராக எங்கள் ஜீப்புக்கு வந்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "மைக்கக் குடுங்கக்கா."

ஜில்லா கமிட்டியிலிருந்து வந்த தலைவர் ஒருவர் எங்கள் ஜீப்பில் நின்றிருந்தார். அவர் என் கையைப் பிடித்துவிட்டார். "அக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? டீக்கப்புன்னு ஒரு சின்னம் இருக்கதே இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. அபரனை நாமளே நம்ம ஜீப்புல ஏத்தி ஊருக்குக் காட்டணுமா? இவ சேவியரோட தங்கச்சி. மைக்கக் கையில வாங்கிட்டு எனக்குப் போடுங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே, தடுக்கிறவர்கள் எப்போதும் முட்டாள்களாக இருக்க மாட்டார்கள். அவர் கேட்ட அத்தனையையும் நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மைக் கொடுத்துத் தவறினால், அந்த ரோடு போச்சு, கிரஷ் அக்காவின் இத்தனை நாள் நடை போச்சு, என்னை ஆயுசுக்கும் திட்டுவார்கள். கொடுக்காவிட்டால் ஒரு குற்றமும் என் மேல் வராது. பசங்கள் என்னைப் பார்க்கிறார்கள், தலைவர் மணியைப் பார்க்கிறார், எதிரே டோல் அடி நிற்கவில்லை. நான் கிரஷ் அக்காவைப் பார்த்தேன். தோற்றால் தோற்கப்போகிறவள் அவள்தானே.

"குடுங்கக்கா" என்றாள் அவள். "அவ பேருக்கு அவதான் பேசணும்."

நான் தலைவரின் கையை விலக்கிவிட்டு மைக்கைக் கொடுத்தேன்.

பொன்னுவைப் பசங்கள் கைகொடுத்து ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் மைக்கை வாயருகே வைத்து, "ஏ, நான் பொன்னு!" என்றாள். அந்தத் தொண்டைக்கு மைக் அதிகப்படி. ஆனால் உடனே எதிர்ப்பக்கம் டோலை இரண்டு மடங்காக அடித்தார்கள். சேவியர் கையைக் காட்டி அடி அடி என்று கத்துவது எனக்குத் தெரிந்தது. அவளுடைய அடுத்த வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. சேவியரின் கூட்டத்தில் நின்ற கீழ் டிவிஷன் பெண்கள், அவர்கள் கொடியைக் கையில் பிடித்திருந்த பெண்கள், நாலைந்து பேர் மேளக்காரர்கள் பக்கம் போனார்கள். ஒருத்தி உள்ளங்கையை விரித்து டோலின் தோல் மேல் வைத்துவிட்டாள். "ஏ, நிறுத்துங்கய்யா. எங்களப் போலக் கொழுந்து எடுக்கவ பேசுதா, என்னன்னு கேப்போம்" என்றாள். பாவம், மேளக்காரர்கள் வெளியூர்க்காரர்கள், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் குச்சியை இறக்கிவிட்டார்கள். பஜாரே அமைதியாகிவிட்டது. கொட்டிக்கலாசத்தில் அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பொன்னு பேசினாள்.

"நான் பொன்னு. மேல் டிவிஷன் பொன்னு. எம்பேரு அருள்மேரி. கோயில்ல தண்ணி ஊத்தி வச்ச பேரு. இம்புட்டு காலமா ஒருத்தரும் அந்தப் பேரச் சொல்லி என்னயக் கூப்பிட்டது இல்ல. சேவியர் அண்ணன் வந்து கேட்டாக. நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்காகளேன்னு குடுத்தேன். இந்தச் சேலையப் போட்டோவுக்குன்னு தேச்சு வச்சேன். பொறவுதான் தெரிஞ்சுது, நிறுத்துனது என்னய இல்ல, எம்பேரை. கிரஷ் அக்காவுக்குக் குழி தோண்டுறதுக்கு எம்பேரைக் கடப்பாறையாக்கிட்டாக."

கூட்டத்தில் யாரோ அழுவது கேட்டது. சேவியர் ஜீப்புக்குக் கீழே வந்துவிட்டான். "பொன்னு, எறங்கு! அண்ணன் மானத்த வாங்காத!"

அவள் மைக்கை விலக்காமலே குனிந்து அவனைப் பார்த்தாள். "பேரக் கேக்கும்போது தங்கச்சி. இப்ப மட்டும் மானமா அண்ணே?"

முக்கு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவன் ஆட்களே சிரித்தார்கள்.

"டீக்கப்பு என் சின்னம்" என்றாள் பொன்னு. "நாம எடுக்க கொழுந்து, நாம குடிக்க டீ. பாத்தாக் கை போகும். போகக் கூடாது. டீக்கப்புக்கு யாரும் ஓட்டுப் போடாதீக. ரோடு வேணும்னு நெனைக்கவுக குடைக்குப் போடுங்க, வேணாங்கவுக ஜவுளிக்கடைக்காருக்குப் போடுங்க. எனக்குப் போடாதீக. நான் ஓட்டுக் கேட்டு வரல. எம்பேரைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கேன்."

விசில் அடித்தது. நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். எங்கள் பசங்கள் அவளைத் தூக்கப் போனார்கள். அவள் ஒரு அதட்டு அதட்டிவிட்டு, வந்த மாதிரியே கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள்.

ஓட்டு எண்ணிக்கை மூணாறில் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் வார்டுக்கு இரண்டு பூத். முதலில் கீழ் டிவிஷன் மெஷினைத் திறந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் முன்னால் போய்விட்டார், அது எதிர்பார்த்ததுதான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்ற சேவியர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினான். நான் ஜெபமாலையை முந்தானைக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து மேல் டிவிஷன். அதிகாரி ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, எங்கள் ஏஜென்ட் கணக்குப் போட, அவன் பேனா மை தீர்ந்துபோக, அடுத்தவன் பேனாவைப் பிடுங்க, ஐயோ, அந்த நிமிஷத்தை என்னால் இப்போதும் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

நாலு ஓட்டு. கிரஷ் அக்கா நாலே நாலு ஓட்டில் ஜெயித்தாள். நாங்கள் போட்ட கூச்சலில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார்.

கூச்சல் அடங்குவதற்குள் ஜில்லா தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "டீக்கப்பு எத்தனைன்னு பாத்தீங்களா அக்கா? பதினேழு. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் பதினேழு. அவள ஜீப்புல ஏத்தலேன்னா அந்தப் பதினேழும் நமக்குத்தான வந்திருக்கும்? தலை தப்பியிருக்கீங்க, அவ்வளவுதான்."

ஏற்றாமல் இருந்தால் பதினேழு எழுபதாகியிருக்கும் என்று நான் சண்டை போட்டேன். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ஜெயித்த வாயில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. அந்தப் பதினேழு பேர் யார்? அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும் குழம்பியவர்களா? அப்படியானால் அவள் பேச்சு வீண்தானா?

வாசலில் பொன்னு நின்றாள். எண்ணைச் சொன்னேன். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

"பதினேழு பேரா? எனக்கா?" என்றாள். "போடாதீகன்னு அம்புட்டுச் சொல்லியும் எனக்குப் போட்டிருக்காகளா? யாருக்கா அவுக?"

"ஓட்டு ரகசியம் பொன்னு. யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

"அப்ப அவுகளுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

ஜெயித்தவர்கள் மாலையும் ஜீப்புமாக வார்டு சுற்றி நன்றி சொல்வது நம்ம வழக்கம். தோற்றவர்கள் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். பொன்னு என்ன செய்தாள் தெரியுமா? யார் என்று தெரியாதல்லவா, அதனால் எல்லார் வீட்டுக்கும் போவது என்று முடிவு செய்தாள். நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, வேலை முடிந்த சாயங்காலங்களில், மேல் டிவிஷனிலிருந்து ஆரம்பித்து ஒரு லயம் விடாமல் ஏறி இறங்கினாள். "நீங்க எனக்குப் போட்டீகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. போட்டிருந்தா ரொம்ப நன்றி. போடலேன்னா அதுக்கும் நன்றி, நான் சொன்னதக் கேட்டீகல்ல" என்பாள். எங்கே போனாலும் சிரிப்பு, எங்கே போனாலும் டீ.

கடைசியில் ஒரு வீடு மட்டும் மீதி இருந்தது. "துணைக்கு வாங்கக்கா" என்றாள். கிரஷ் அக்காவும் வந்தாள், இப்போது மெம்பர். கீழ் டிவிஷனில் சேவியர் வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றபோது அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பரை இறக்கவே இல்லை.

"அண்ணே" என்றாள் பொன்னு. "எனக்குப் போட்டிருந்தா நன்றி சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

"நான் எதுக்கு உனக்குப் போடுதேன்?" என்றது பேப்பர்.

உள்ளேயிருந்து அவன் மனைவி ரோசம்மா வந்தாள். அதிர்ந்து பேசாதவள். ஊரில் அவளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை, சேவியர் சம்சாரம் என்பதைத் தவிர. எங்களை உட்காரச் சொன்னாள். நான் சொன்னேனே, உடனே உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்கும் கிரஷ் அக்காவுக்கும் கண்ணாடி கிளாசில் டீ கொண்டுவந்தாள். சேவியருக்கும் கிளாசில்தான். அப்புறம் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பங்குச் சாமியார் வந்தால் மட்டும் எடுக்கிற கப்பையும் சாஸரையும் எடுத்துத் துடைத்து, அதில் டீ ஊற்றிப் பொன்னு கையில் கொடுத்தாள்.

"நன்றிய எங்கிட்டச் சொல்லு பொன்னு" என்றாள். "அந்தப் பதினேழுல ஒண்ணு என்னுது."

பேப்பர் இறங்கியது.

"என்னது?"

"என்னுது மட்டும் இல்ல. அன்னிக்கு மேளத்துல கைய வச்சாகள்ல, அவுகளுது எல்லாம். இன்னும் யாரு யாருன்னும் தெரியும், சொல்ல மாட்டேன்."

"நம்ம ஆளுக்குப் போடலியா நீ?" சேவியர் எழுந்தே விட்டான். "நாலு ஓட்டுல தோத்திருக்கோம்டி! நாலே ஓட்டு!"

ரோசம்மா அவனுடைய கிளாசை நகர்த்தி வைத்தாள், கொட்டிவிடக் கூடாது என்று. "இத்தன வருசமும் நீங்க சொன்ன பக்கத்துக்குத்தான் போட்டிருக்கேன். எதிர்ப் பக்கத்து ஆளுக்குப் போட இந்த வாட்டியும் மனசு வரல. குடைய நான் தொடல, சத்தியமா. அதுக்காக, அவ அப்படி நின்னு பேசுன பொறவு ஜவுளிக்கடைக்காருக்குப் போடவும் கை வரல. டீக்கப்பு இருந்துச்சு, போட்டேன். அதையும் நீங்கதானே நிறுத்துனீக?"

நான் சேவியரைப் பார்த்தேன். எத்தனை தேர்தலில் அவனிடம் மூக்குடைபட்டிருக்கிறேன், எத்தனை முறை அவன் முகம் இப்படிப் போவதைப் பார்க்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன்! எங்கள் ஓட்டைப் பிரிக்க அவன் நிறுத்திய பெயர், அவன் வீட்டு அடுப்படியிலிருந்தே ஓட்டைப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறது. ஜில்லா தலைவருக்கு உடனே போன் போட வேண்டும் போல் இருந்தது. போட்டேன், வெளியே வந்ததும்.

பொன்னு கப்பைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மதினி" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு மேல் டிவிஷன் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள், நம்புகிறேன். சேவியர் மறுபடியும் உட்கார்ந்தான். "டீயக் குடி, ஆறிப் போகுது" என்றான்.

மேல் டிவிஷன் ரோட்டுக்கு அளவெடுத்துக் கல் நட்டுவிட்டார்கள், மெம்பர் விடாமல் நிற்கிறாள். வார்டில் அத்தனை வீட்டுக்கும் போய் உட்கார்ந்து டீ குடித்த ஒருத்தி இப்போது நம்மிடம் இருக்கிறாள். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் வரும்போது வேட்பாளர் தேடி நீங்கள் அலைய வேண்டாம். மேல் டிவிஷனுக்கு நடந்து போங்கள், கொடியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். போனதும் பொன்னு என்று கூப்பிட்டுவிடாதீர்கள், முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.